ஃபோல்டர் ஃபோல்டராகக் கிடக்கும் படங்களை பிடிஎஃப் ஆக்குவது: லூப்பைவிட வரிசையும் சரிபார்ப்பும்தான் பெரிய வேலை

கேள்வி இதுதான். ஊர் வாசகசாலையில் இருந்த பழைய இதழ்களைக் கைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறீர்கள். இதழுக்கு ஒரு ஃபோல்டர், மொத்தம் 300 ஃபோல்டர்களுக்கு மேல். ஒவ்வொன்றும் ஒரு பிடிஎஃப் ஆக வேண்டும். இமேஜ்மேஜிக் என்ற படத் திருத்தக் கருவியின் கன்வர்ட் கட்டளையை, ஒரே வேலையை ஃபோல்டர் ஃபோல்டராகத் திரும்பச் செய்யும் ஒரு ஃபார் லூப்புக்குள் போட்டு ஓடவிட்டீர்கள். சில ஃபோல்டர்களில் நினைவகம் போதவில்லை என்று நின்றுவிட்டது. சிலவற்றில் பக்கங்கள் முன்பின்னாக வந்தன. ஒழுங்காக வந்த பிடிஎஃப்களிலும் எழுத்து மூலப் படத்தில் இருந்த அளவுக்குக் கூர்மையாக இல்லை. லூப்பில் என்ன தவறு, பல ஃபோல்டர்களை ஒரே நேரத்தில் ஓட்டினால் சீக்கிரம் முடியுமா என்று கேட்கிறீர்கள்.

லூப்பில் தவறில்லை, கருவியைத் தேர்ந்ததில்தான் தவறு. பிடிஎஃப் என்பது பக்கங்களை அடுக்கி வைக்கும் உறை. ஜேபெக் படத்தை அவிழ்க்காமல், ஒரு பைட்டைக்கூட மாற்றாமல் அப்படியே உள்ளே வைத்துக்கொள்ள 1993இல் அடோபி வெளியிட்ட முதல் பதிப்பிலிருந்தே அதில் வழி இருக்கிறது. கடிதத்தை உறையில் போடுவதற்கு அதை மறுபடி கையால் நகலெடுக்க வேண்டியதில்லை. கன்வர்ட் செய்வது அந்த நகலெடுப்பு வேலையைத்தான்.

இமேஜ்மேஜிக் படங்களைத் திருத்துவதற்காக எழுதப்பட்டது. அளவு மாற்ற, நிறம் சரிசெய்ய, ஓரம் வெட்ட அதைவிட வசதியான கருவி எனக்குத் தெரிந்து இல்லை. திருத்துவதற்கான கருவி என்பதாலேயே எந்தப் படத்தைக் கொடுத்தாலும் முதலில் முழுவதையும் பிக்சல்களாக விரித்துக்கொள்ளும். 12 மெகாபிக்சல் கைபேசிப் படம் வட்டில் 4 எம்பி அளவில்தான் இருக்கும். உபுண்டுவில் நெடுங்காலம் இருந்த 6ஆம் பதிப்பு பிக்சலுக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் அதே படம் நினைவகத்தில் 96 எம்பி ஆகிறது. 64 பக்க இதழ் ஒன்று 6 ஜிபியைத் தாண்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் இமேஜ்மேஜிக்குக்கு இயல்பாக விதித்திருந்த வரம்போ நினைவகத்தில் 256 எம்பி, வட்டில் 1 ஜிபி. பக்கம் கூடிய இதழ்கள் நின்றுபோனது இதனால்தான். வரம்பை உயர்த்தினால் ஓடும். ஆனால் விரித்த பிக்சல்களை மறுபடி ஜேபெக்காகச் சுருக்கித்தான் பிடிஎஃப்புக்குள் வைக்கும். ஒவ்வொரு சுருக்கத்திலும் எழுத்தின் ஓரங்களில் கொஞ்சம் மங்கல் சேரும். நீங்கள் பார்த்த கூர்மைக் குறைவு அதுவே.

இன்னொரு தொல்லையையும் பார்த்திருப்பீர்கள்: பிடிஎஃப் இமேஜ்மேஜிக்கின் பாதுகாப்புக் கொள்கையில் அனுமதிக்கப்படவில்லை என்ற பிழைச் செய்தி. 2018 ஆகஸ்டில், பிடிஎஃப்பைப் படிக்க இமேஜ்மேஜிக் நம்பியிருக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் மோசமான பாதுகாப்பு ஓட்டைகள் வெளிச்சத்துக்கு வந்தபோது, லினக்ஸ் வழங்கல்கள் இமேஜ்மேஜிக் பிடிஎஃப், போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புகளைத் தொடுவதையே அடைத்துவைத்தன. அந்தக் கொள்கைக் கோப்பை அழித்துவிடச் சொல்லும் யோசனை தேடுகிற இடமெல்லாம் கிடைக்கும். செய்யாதீர்கள். அது வெளியாரிடமிருந்து வரும் கோப்புகளைத் திறக்கும்போது உங்களைக் காக்கும் பூட்டு. ஆபத்து பிடிஎஃப்பைப் படிப்பதில் இருக்கிறது, எழுதுவதில் இல்லை. இமேஜ்மேஜிக்கில்தான் பிடிஎஃப் எழுதியாக வேண்டும் என்றால் அந்த ஒரு வரியில் எழுதும் உரிமையை மட்டும் கொடுத்தால் போதும். உங்கள் வேலைக்கு அதுவும் தேவைப்படாது.

உங்களுக்கு வேண்டியது ஐஎம்ஜி2பிடிஎஃப் என்ற சிறிய பைத்தான் கருவி. உபுண்டு, டெபியன் களஞ்சியங்களில் அதே பெயரில் கிடைக்கும், மேக்கில் ஹோம்ப்ரூ வழியாக வரும். ஜேபெக்கைத் தொடாமல் அப்படியே பிடிஎஃப்புக்குள் வைக்கிறது. சாதாரண பிஎன்ஜியின் சுருக்கப்பட்ட தரவையும் அவிழ்க்காமலே நகர்த்திவிடுகிறது. கறுப்பு வெள்ளை மட்டுமே உள்ள ஸ்கேன் படங்களை ஃபேக்ஸ் காலத்து குரூப் 4 முறையில், இழப்பே இல்லாமல் சிறிதாக வைக்கிறது. பிக்சலை விரிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராததால் நினைவகப் பிரச்சினை காணாமல் போகிறது, வேகமும் வட்டிலிருந்து படித்து எழுதும் வேகத்தை நெருங்குகிறது. பிடிஎஃப்பின் அளவு படங்களின் மொத்த அளவைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

அதனால் அப்படியே உள்ளே வைக்க முடியாத படங்கள் சில உண்டு. 2017க்குப் பிந்தைய ஐபோன்கள் இயல்பாகச் சேமிக்கும் ஹெய்க் வடிவத்துக்கும், இணையத்திலிருந்து இறங்கும் வெப்பி வடிவத்துக்கும் பிடிஎஃப்பில் இடமே கிடையாது. அவற்றை மட்டும் முதலில் உயர் தரத்தில் ஜேபெக் ஆக்கிக்கொள்ளுங்கள். பின்னணி ஊடுருவும்படி ஆல்பா சானல் கொண்ட பிஎன்ஜிகளை இந்தக் கருவியின் பழைய பதிப்புகள் மறுத்துவிடும். அவற்றை இமேஜ்மேஜிக்கில் வெள்ளைப் பின்னணி கொடுத்து ஆல்பாவை நீக்கிவிட்டுக் கொடுக்கலாம். வெறுமனே ஆல்பாவை அணைத்தால் ஊடுருவும் இடங்கள் கறுப்பாகிவிடக்கூடும் என்பதால் பின்னணி நிறத்தைச் சொல்வது முக்கியம். படங்களை வேறு ஒருவர் உங்களுக்கு அனுப்புகிறார் என்றால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக வருவது வழியிலேயே சுருங்கிவிடும், பிறகு எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது.

இனி வரிசை. 300 இதழ்களில் ஒன்றின் 17ஆம் பக்கம் 71ஆம் பக்கத்துக்குப் பிறகு கிடந்தால் அதை யாரும் பல ஆண்டுகளுக்குக் கவனிக்க மாட்டார்கள். கவனிக்கும் நாளில் மூல இதழ் இருக்குமா என்பது சந்தேகம். அதனால் இந்த வேலையில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல், ‘எல்லாக் கோப்புகளும்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறியை விரிக்கும்போது பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறது. ஆகவே 1, 10, 11, 2 என்ற வரிசைதான் வரும். பெயர்களுக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்து 001, 002 என்று வைத்திருந்தால் சிக்கலே இல்லை. இல்லையென்றால் சார்ட் கட்டளையின் பெரிய எழுத்து வி ஆப்ஷன் எண்களை எண்களாகவே பார்த்து அடுக்கும். மேக்கின் ஸிஷெல்லில் நட்சத்திரத்துக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் என் என்ற சிறிய எழுத்தைச் சேர்த்தாலும் அதே பலன்.

பெயரில் இருக்கும் எண்ணே பொய் சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு. கேமராக்களின் எண்ணிக்கை 9999ஐத் தொட்டதும் 0001க்குத் திரும்பும். ஒரே இதழைப் படம் பிடிக்கும்போது நடுவில் அது நேர்ந்தால் இதழின் பிற்பகுதி முன்னால் வந்து நிற்கும். இதற்கு, படத்துக்குள் கேமரா எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவலைப் படிக்கும் எக்ஸிஃப்டூல் கருவியைக் கொண்டு படம் பிடித்த நேரத்தை எடுத்து அதன்படி அடுக்க வேண்டும். கோப்பின் மாற்ற நேரத்தை நம்பாதீர்கள், பென்டிரைவில் நகலெடுக்கும்போதே அது மாறிவிடலாம். வாட்ஸ்அப் வழியே வந்த படங்களின் பெயரில் உள்ள தேதி அது வந்த தேதி, எடுத்த தேதி அல்ல. மங்கலாக வந்த ஒரு பக்கத்தைக் கடைசியில் மறுபடி எடுத்திருந்தால் நேர வரிசையும் உதவாது.

இதற்கெல்லாம் நான் பரிந்துரைக்கும் தீர்வு எளிமையானது. ஸ்கிரிப்ட் ஒரு ஃபோல்டருக்குள் நுழைந்ததும் அங்கே ‘வரிசை’ என்ற பெயரில் உரைக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால் அதில் வரிக்கு ஒன்றாக எழுதிய பெயர்களை அதே வரிசையில் எடுத்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் எண் வரிசை. விதிவிலக்கான ஃபோல்டர்களுக்கு மட்டும் நீங்கள் கையால் அந்தக் கோப்பை எழுதுவீர்கள். விதிவிலக்குகளை ஸ்கிரிப்டுக்குள் நிபந்தனைகளாகக் குவித்தால் சில மாதம் கழித்து உங்களுக்கே அது புரியாது. ஃபோல்டருக்குள் இருக்கும் உரைக் கோப்போ எப்போது திறந்தாலும் என்ன செய்தோம் என்று சொல்லும்.

ஃபீடர் உள்ள ஸ்கேனரில் ஒற்றைப்படைப் பக்கங்களை முதலிலும், கட்டைத் திருப்பிப் போட்டு இரட்டைப்படைப் பக்கங்களைப் பின்னாலும் எடுத்திருந்தால் இரண்டாவது கட்டு தலைகீழ் வரிசையில் இருக்கும். இரண்டையும் தனித்தனி பிடிஎஃப் ஆக்கி, க்யூபிடிஎஃப் கருவியின் கொலேட் ஆப்ஷனில் இரண்டாவதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை எடுக்கச் சொன்னால் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சரியாகக் கோத்துவிடும்.

ஸ்கிரிப்டுக்கு வருவோம். நகலெடுத்து ஒட்டும்படி தராமல் ஒவ்வொரு பகுதியும் எதற்கு என்று சொல்கிறேன். உங்கள் ஃபோல்டர்களில் அது எங்கே தடுக்கும் என்பது அப்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

வெளி லூப் ஃபோல்டர்களை மட்டும் எடுக்க வேண்டும். நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு சாய்கோடு சேர்த்தால், அதாவது */ என்று கொடுத்தால், ஃபோல்டர்கள் மட்டும் வரும். லூப்புக்குள் ஃபோல்டர் பெயர் வரும் இடமெல்லாம் இரட்டை மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும். ‘1962 பொங்கல் மலர்’ என்ற ஃபோல்டர் மேற்கோள் குறி இல்லாவிட்டால் மூன்று தனிப் பெயர்களாக உடைந்துவிடும். ஷெல் ஸ்கிரிப்டுகளில் நடக்கும் சேதங்களில் பெரும்பகுதி இந்த ஒரு கவனக்குறைவால் வருகிறது.

படங்களைப் பட்டியலிட எல்எஸ் கட்டளையின் வெளியீட்டைப் பயன்படுத்தாதீர்கள். ஃபைண்ட் கட்டளையிடம் இந்த ஃபோல்டருக்கு உள்ளே இறங்காதே, கோப்புகளை மட்டும் கொடு, விரிவு ஜேபிஜி, ஜேபெக், பிஎன்ஜி, டிஃப் இவற்றில் ஒன்றாக இருக்கட்டும், பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்க்காதே என்று சொல்லுங்கள். கேமராக்கள் விரிவைப் பெரிய எழுத்தில் எழுதும் பழக்கமுடையவை என்பதால் கடைசி நிபந்தனை அவசியம். கூடவே, புள்ளியும் அடிக்கோடும் கொண்டு தொடங்கும் பெயர்களை விலக்கச் சொல்லுங்கள். மேக்கிலிருந்து பென்டிரைவுக்கு நகலெடுத்தால் ஒவ்வொரு படத்துக்கும் இணையாக அப்படி ஒரு மறைகோப்பு உருவாகலாம். விரிவு ஜேபிஜி என்றே இருக்கும், உள்ளே படம் இருக்காது. நட்சத்திரக் குறி மறைகோப்புகளை எடுக்காது. ஃபைண்ட் எடுத்துவிடும்.

ஃபைண்ட் தரும் பெயர்களை வரி முறிவால் பிரிக்காமல், மதிப்பு பூஜ்யமான ‘நல்’ பைட்டால் பிரிக்கச் சொல்ல வேண்டும். ஒரு பாதையில் வர முடியாதது அந்த ஒரு பைட் மட்டுமே. சார்ட் கட்டளைக்கும் அதே பிரிப்பானைப் புரிந்துகொள்ளும் ஸெட் ஆப்ஷன் உண்டு. அடுக்கிய பட்டியலை பைப் வழியாக, அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததன் உள்ளீடாக்கி, ஐஎம்ஜி2பிடிஎஃப்புக்குக் கொடுக்கலாம். புதிய பதிப்புகளில் பட்டியலைக் கோப்பிலிருந்து படிக்கும் ஃப்ரம்-ஃபைல் ஆப்ஷன் இருக்கிறது, அது எதிர்பார்ப்பதும் நல் பைட் பிரிப்பைத்தான். கோப்பின் பெயருக்குப் பதில் ஒரு ஹைஃபன் போட்டால் பைப்பிலிருந்து படித்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் பலரும், பெயர்ப் பட்டியலை ஒரு கட்டளையின் பின்னால் சேர்த்து ஓட்டும் எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளையைப் பயன்படுத்துவார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. குனு எக்ஸ்ஆர்க்ஸ் ஒரு கட்டளைக்கு இயல்பாக 128 கேபி வரைதான் பெயர்களைத் தரும். அதற்கு மேல் போனால் பட்டியலை உடைத்து அதே கட்டளையை இரண்டாம் முறை ஓட்டும். இரண்டாவது ஓட்டம் முதலாவது உருவாக்கிய பிடிஎஃப்பின் மேலேயே எழுதிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கையில் கிடைப்பது தொகுப்பின் கடைசிப் பகுதி மட்டும். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் தமிழ்ப் பெயர் வைத்த ஃபோல்டர்களில் இந்த எல்லை சீக்கிரம் வரும். முழுப் பாதை 200 பைட் நீளமென்றால் ஏறத்தாழ 650 படங்களிலேயே தொட்டுவிடலாம். தனி இதழில் அத்தனை பக்கம் இராது, ஆண்டுத் தொகுப்பு என்றால் இருக்கும்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு, இதை ஆங்கிலத்தில் எழுதும் வழிகாட்டிகளில் பார்க்க முடியாது. ‘கொ’ என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாகவோ, கொம்பு ஒன்றும் கால் ஒன்றுமாக இரண்டு குறிகளாகவோ. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் அப்படித்தான். பழைய மேக் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. லினக்ஸ் நீங்கள் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆகவே மேக்கில் இருந்து வந்த ‘பொங்கல் மலர்’ ஃபோல்டரும் லினக்ஸில் நீங்கள் தட்டச்சிட்ட ‘பொங்கல் மலர்’ பெயரும் திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் ஷெல்லுக்கு வேறு வேறு. வரிசைக் கோப்பில் உள்ள பெயர் கிடைக்கவில்லை என்று ஸ்கிரிப்ட் சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகியுங்கள். கான்வ்எம்வி என்ற கருவி ஒரு ஃபோல்டர் மரம் முழுவதிலும் பெயர்களைச் சேர்த்த வடிவுக்கு மாற்றித் தரும்.

வெளியீட்டை நேரடியாக இறுதிப் பெயரில் எழுதாதீர்கள். அதே வட்டில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, கட்டளை வெற்றி என்று திரும்பினால் மட்டும் எம்வி கொண்டு இறுதிப் பெயருக்கு மாற்றுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும், நீங்களே கன்ட்ரோல் சி அழுத்தினாலும், இறுதிப் பெயரில் அரைகுறைக் கோப்பு இருக்காது. இது இருந்தால்தான் அடுத்த வசதியையும் நம்பிக் கொடுக்க முடியும்: ஏற்கெனவே பிடிஎஃப் இருந்து, அது ஃபோல்டரைவிடப் புதியதாகவும் இருந்தால் அந்த ஃபோல்டரைத் தாண்டிவிடலாம். படம் சேர்த்தாலோ நீக்கினாலோ பெயர் மாற்றினாலோ ஃபோல்டரின் நேரம் மாறும். ஒரு படத்தை அதன் இடத்திலேயே திருத்திச் சேமித்தால் மாறாமல் போகலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அப்போது பழைய பிடிஎஃப்பை நீங்களே நீக்கிவிட்டு ஓட்ட வேண்டும்.

ஒரு ஃபோல்டர் தோற்றால் மற்ற ஃபோல்டர்கள் நிற்கக் கூடாது, தோற்றது மறைந்துபோகவும் கூடாது. தோற்ற ஃபோல்டரின் பெயரையும் பிழைச் செய்தியையும் ஒரு பதிவுக் கோப்பில் எழுதிவிட்டு லூப் தொடரட்டும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக ஓட்டுகிறீர்கள் என்றால் ஸ்கிரிப்டை நோட்பேடில் எழுதியதால் வரி முடிவுகள் மாறி, ஷெல் முதல் வரியிலேயே தடுமாறலாம். டாஸ்2யூனிக்ஸ் என்ற கட்டளை அதைச் சரிசெய்யும்.

பக்கத்தின் அளவும் திசையும். பிடிஎஃப்பில் நீள அலகு ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. படத்தில் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற தகவல் 72 என்று இருந்தால், 4000க்கு 3000 பிக்சல் கைபேசிப் படம் 55 அங்குல அகலப் பக்கமாகிவிடும். திரையில் படிக்க அது தடையில்லை, அச்சிடும்போதும் வேறு பிடிஎஃப்களோடு சேர்க்கும்போதும் இடறும். பக்க அளவை ஏ4 என்று கொடுத்துவிடுங்கள், படம் விகிதம் மாறாமல் அதற்குள் பொருந்தும். தானாகத் திசை மாற்றும் ஆப்ஷனையும் சேர்த்தால் அகலவாக்குப் படங்களுக்குப் பக்கமும் அகலவாக்காக அமையும். பிக்சல்கள் எதுவும் மாறுவதில்லை, பக்கத்தில் எந்த அளவில் வரைய வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே மாறுகிறது.

மேசையில் இதழை விரித்து மேலிருந்து படம் எடுத்தால் சில பக்கங்கள் படுத்துக்கிடப்பதற்குக் காரணம் கைபேசியின் புவியீர்ப்பு உணரி. கைபேசி தரையைப் பார்த்திருக்கும்போது எது மேல்பக்கம் என்று அதனால் முடிவுசெய்ய இயலாது. ஏதோ ஒரு திசையை எக்ஸிஃப் தகவலில் எழுதிவிடும். ஐஎம்ஜி2பிடிஎஃப் அந்தத் தகவலை மதித்துப் பக்கத்தைச் சுழற்றும். செல்லாத திசைக் குறிப்பு இருந்தால் பிழை சொல்லி நிற்கும். செல்லுபடியானதை மட்டும் மதிக்கும்படி ரொட்டேஷன் ஆப்ஷனில் சொல்லிவிட்டால் தாண்டிச் செல்லும். தவறான திசையில் இருப்பவற்றை ஜேபெக்டிரான் கொண்டு இழப்பில்லாமல் திருப்பலாம். அது பிக்சல்களை விரித்து மறுசுருக்கம் செய்யாமல் ஜேபெக்கின் உள் கட்டங்களையே இடம் மாற்றுகிறது. சுழற்றிய படத்தில் பழைய எக்ஸிஃப் திசைக் குறிப்பு மிஞ்சியிருந்தால் இரண்டு முறை சுழன்ற பக்கம் வரும், அதனால் அந்தக் குறிப்பையும் அழித்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் சரிபார்ப்பு, இதைக் கைவிடவே கூடாது. பாப்ளர் தொகுப்பில் உள்ள பிடிஎஃப்இன்ஃபோ ஒரு கோப்பின் பக்க எண்ணிக்கையைச் சொல்லும். ஃபோல்டரில் உள்ள படங்களின் எண்ணிக்கையோடு அதை ஒப்பிட்டு, வேறுபட்டால் பதிவுக் கோப்பில் எழுதுங்கள். டிஃப் கோப்பு ஒன்றுக்குள்ளேயே பல பக்கங்கள் இருக்க முடியும் என்பதால் அங்கே மட்டும் எண் கூடலாம். க்யூபிடிஎஃப்பின் செக் ஆப்ஷன் கோப்பின் கட்டமைப்பு சிதைந்திருக்கிறதா என்று பார்க்கும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் பிடிஎஃப்இமேஜஸ் கருவியால் படங்களை மறுபடி வெளியே எடுத்து மூல ஜேபெக்குகளோடு பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். ஐஎம்ஜி2பிடிஎஃப் தன் வேலையைச் செய்திருந்தால் வேறுபாடே இருக்காது. இந்த ஒப்பீட்டைச் சில ஃபோல்டர்களுக்கு மட்டும் செய்தால் போதும், எண்ணிக்கைச் சோதனையை எல்லாவற்றுக்கும் செய்யுங்கள்.

அளவு பெரிதாக இருக்கிறது, பகிர முடியவில்லை என்ற கவலை அடுத்து வரும். காப்பகப் பிரதியைத் தொடாமல், அதிலிருந்து பகிர்வதற்கு ஒரு சிறிய பிரதி எடுங்கள். கோஸ்ட்ஸ்கிரிப்டின் ஈபுக் அமைப்பு படங்களை அங்குலத்துக்கு 150 புள்ளிகளுக்குக் குறைக்கும், திரையில் படிக்க அது போதும். கறுப்பு வெள்ளையாக மாற்றினால் இன்னும் பல மடங்கு சுருங்கும். பழுப்பேறிய பழைய தாளில் அதைச் செய்யுமுன் யோசியுங்கள். கறுப்பா வெள்ளையா என்று பிரிக்கும் எல்லை சற்றுப் பிசகினாலும் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘க்’ என்பது ‘க’ ஆகிவிட்டால் ஆங்கில எழுத்தின் ஓரம் தேய்வதுபோல் அதை ஒதுக்கிவிட முடியாது, சொல்லே மாறிவிடும். சாம்பல் நிறப் படமாக வைத்துக்கொள்வது நல்ல நடுவழி.

இன்னும் சுருக்கித் தருவதாகச் சொல்லும் ஜேபிக்2 முறையின் இழப்புள்ள வகையை அறவே தவிருங்கள். அது ஒத்த வடிவமுள்ள எழுத்துகளை ஒரே வார்ப்பாகக் கருதி, ஒன்றின் உருவத்தை மற்றதன் இடத்தில் வைத்துவிடும். 2013இல் ஜெர்மானியக் கணினியறிஞர் டேவிட் க்ரீசல், ஜெராக்ஸ் நகலியில் எடுத்த ஸ்கேன்களில் 6 என்ற இலக்கம் 8 ஆகியிருந்ததைக் காட்டினார். கட்டட வரைபடத்தில் அறையின் அளவே மாறியிருந்தது. மங்கலாக இருந்திருந்தால் யாராவது சந்தேகித்திருப்பார்கள். அங்கே எல்லா எண்களும் தெளிவாக, தவறாக இருந்தன. ‘ர’வும் காலும் கிட்டத்தட்ட ஒரே உருவம் கொண்ட தமிழில் அந்த ஆபத்தை எடுத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

தேடக்கூடிய பிடிஎஃப் வேண்டுமென்றால் அது இரண்டாம் கட்டம். ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற கருவி டெசராக்ட் எழுத்துணரியைக் கொண்டு பக்கப் படத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத உரையைச் சேர்க்கிறது. டெசராக்ட்டின் தமிழ் மொழிக்கோப்பைத் தனியாக நிறுவ வேண்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்த இதழ் என்றால் இரண்டு மொழிகளையும் கூட்டல் குறியால் சேர்த்துக் கொடுக்கலாம். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான இதழ்களில் துதிக்கை வைத்த ‘லை’, ‘னை’, ‘ணை’ போன்ற வடிவங்களும் சுழித்த ‘றா’, ‘னா’, ‘ணா’ வடிவங்களும் வரும். அவற்றில் எழுத்துணரி அதிகம் தடுமாறும் என்று எதிர்பார்த்தே தொடங்குங்கள். தேடலுக்கு உதவும் அளவில் அது பயனுள்ளது, பிரதியெடுத்து வெளியிடும் தரத்தில் அல்ல. இந்தக் கருவி இயல்பாக பிடிஎஃப்/ஏ என்ற காப்பக வடிவில் எழுதும். அந்த மாற்றத்தை கோஸ்ட்ஸ்கிரிப்ட் செய்யும்போது படங்களைத் தொட வாய்ப்பிருப்பதால், மூலப் படம் அப்படியே வேண்டுமென்றால் வெளியீட்டு வகையைச் சாதாரண பிடிஎஃப் என்று கொடுத்துவிடுங்கள்.

பொதுவில் ஏற்றுமுன் கவனிக்க வேண்டியது ஒன்று. ஐஎம்ஜி2பிடிஎஃப் ஜேபெக்கை முழுதாக உள்ளே வைப்பதால் அதிலுள்ள எக்ஸிஃப் தகவலும் கூடவே போகிறது. கைபேசியில் இருப்பிடப் பதிவு இயங்கியிருந்தால், படம் எடுத்த வீட்டின் அட்சரேகை தீர்க்கரேகை பிடிஎஃப்புக்குள் இருக்கும். படங்களை வெளியே எடுத்துப் பார்க்கத் தெரிந்த எவரும் அதைப் படிக்கலாம். எக்ஸிஃப்டூலில் இருப்பிடத் தகவலை மட்டும் நீக்கிவிட்டுப் பிறகு பிடிஎஃப் ஆக்குங்கள். எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக அழித்தால் திசைக் குறிப்பும் சேர்ந்து போய்ப் பக்கங்கள் படுத்துக்கொள்ளும். டைட்டில் ஆப்ஷனில் ஃபோல்டர் பெயரையே கொடுத்துவிட்டால், கோப்பின் பெயரை யார் மாற்றினாலும் இதழின் பெயர் உள்ளே நிலைக்கும்.

பல ஃபோல்டர்களை ஒரே நேரத்தில் ஓட்டினால் சீக்கிரம் முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். படங்களை பிடிஎஃப்புக்குள் வைக்கும் கட்டத்தில் பெரிய லாபமில்லை. அங்கே காத்திருப்பது வட்டுக்காகத்தான். சுழலும் ஹார்ட்டிஸ்க்கில் நான்கு ஓட்டங்களை ஒன்றாக விட்டால் வேகம் குறையக்கூட வாய்ப்புண்டு. எழுத்துணரிக் கட்டத்தில் பிராசசர்தான் மூச்சுவாங்கும், ஆனால் ஓசிஆர்மைபிடிஎஃப் தானாகவே எல்லாக் கோர்களுக்கும் பக்கங்களைப் பங்கிட்டுக்கொள்கிறது. அதை இன்னொரு இணை ஓட்டத்துக்குள் போட வேண்டாம். இரவில் தனியாக ஓடவிடுங்கள், காலையில் முதலில் பதிவுக் கோப்பைத் திறந்து தோற்ற ஃபோல்டர்களைப் பாருங்கள்.